மடியில் அடங்கிய வலை

சென்ற மாதம் மகளிடம் போவதற்காகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற குடும்பம் மூன்று சூட்கேஸ்களை நிலத்தில் திறந்து வைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் பொதிகளை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டிருந்தது. தராசு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற இளைஞன் ஏதோ மருந்துக் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதியாம். கம்பனி அலுவலாகச் சிங்கப்பூர் போகிறவன், இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்த ஒற்றைப் பையைப் பார்த்து, "ஐயா, மற்றப் பெட்டியள் உள்ளுக்குப் போட்டுதோ?" என்று கேட்டான்.

"மற்றது எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. இவ்வளவுதான்."

"ஒரு மாசத்துக்கோ? எப்பிடி ஐயா?"

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இடையிடையே கொஞ்சம் பெருமையடிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு நெல்லைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. எனக்கோ சேறு என்றாலே ஆகாது. படிப்பு முடிந்த கையோடு, கொழும்புக் கம்பனி ஒன்றின் வவுனியாக் கிளையில் மீன்வலை விற்கும் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. நைலோன் வலை அப்போதுதான் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. "பங்குனிக்குள்ள வேலை நிரந்தரமாகாட்டில் பேசாம வயலுக்கு வா" என்று சொல்லித்தான் அப்பா என்னை அனுப்பினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு சோடி எருமையைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

பயிற்சி இரண்டு கிழமை. நூலின் பருமன், வலைக்கண்ணின் அளவு, எந்த மீனுக்கு எந்தக் கண் என்பதெல்லாம் பாடமாக்கினேன். அவற்றில் பாதி இன்று மறந்துவிட்டது. மறக்காதது முகாமையாளர் அருமைத்துரை ஐயா பை அடுக்கப் பழக்கிய விதம்தான்.

ஐயா மெலிந்த மனிதர். கோபம் வந்தாலும் குரல் உயராது. அவருக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. கம்பனிப் பிரதிநிதியின் சாமான் பஸ் கூரைக்குப் போகக்கூடாது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடிய பஸ்களின் கூரையில் மீன்பெட்டி, கோழிக்கூடு, மரவள்ளிக்கிழங்கு மூட்டை, சில நாட்களில் ஒரு ஆடு என்று எல்லாமே போகும். உங்கள் சூட்கேஸ் அவற்றுக்கு அடியில் கிடந்து, மீன்தண்ணீர் குடித்து, இறங்கும்போது உங்களுக்கே அடையாளம் தெரியாது. "கூரைக்குப் போனது பஸ்ஸுக்குச் சொந்தம். மடியில இருக்கிறதுதான் உமக்குச் சொந்தம்" என்பார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் சோதனை நடக்கும். முதலில் எடை. தராசு கிடையாது. என்னோடு ஏதாவது கதைத்துக்கொண்டே பையை ஒரு கையால் தூக்குவார். அவருடைய குரல் இம்மியளவு மாறினாலும் பாரம் கூட என்று அர்த்தம். "போன கிழமை மழை பெய்ஞ்சதெல்லோ, உங்கட அப்பாவின்ர வயல்..." என்று தூக்குவார். 'வயல்' என்ற சொல்லில் மூச்சு வாங்கினால் பை கீழே வந்துவிடும், நான் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்.

அடுத்தது மடிச் சோதனை. அலுவலகத்தின் நடுவே கதிரையைப் போட்டு என்னை இருத்துவார். இரண்டு பக்கமும் வேறு இரண்டு கதிரைகளை நெருக்கி வைத்து, ஒன்றில் எழுதுவினைஞரை இருக்கச் சொல்லி, மற்றதில் தானே இருந்துகொள்வார்.

"இப்ப நீர் பஸ்ஸில இருக்கிறீர். நான் கோழி வைச்சிருக்கிற மனிசி. முழங்கை என்னில படாமல் உம்மட துவாயை எடும் பாப்பம்."

முழங்கை பட்டால், "கோழி கத்துது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

இப்படித்தான் அடுக்கப் பழகினேன். கடைசியாகத் தேவைப்படுவது அடியில், வழியில் தேவைப்படுவது வாயருகே. சவர்க்காரம் பாதியாக வெட்டித் தகரப்பேணியில். சேட்டு இரண்டு, ஒன்று உடம்பில், ஒன்று பையில். துவாய் பிறகு வேண்டாமென்று ஆகிவிட்டது, ஏனென்றால் இடுப்பில் கட்டும் சாரம் இருந்தது. இரவில் உடுக்கவும், குளித்தால் துடைக்கவும், குளிருக்குப் போர்க்கவும், படுக்க விரிக்கவும் ஒரே சாரம் போதும். சவரக்கத்தியையும் விட்டுவிட்டேன். சலூன் இல்லாத ஊரிலும் சவரம் செய்யத் தெரிந்த ஒருவர் இருப்பார், அவரிடம் போனால் ஊர்க்கதை முழுவதும் கிடைக்கும்.

பை சின்னதாகிக்கொண்டே போனது. வியாபாரமோ ஒரு அடி நகரவில்லை. முள்ளிவாய்க்காலிலும் நாயாற்றிலும் நான் காட்டியதெல்லாம் அட்டையில் சுற்றிய நூல் மாதிரிகள். சம்மாட்டிமார், அதாவது வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிறவர்கள், நூலை இழுத்துப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், தேத்தண்ணி தருவார்கள். வாங்கமாட்டார்கள். முள்ளிவாய்க்காலில் எல்லாருக்கும் பெரியவர் அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார். அவர் சொல்லாமல் அந்தக் கரையில் ஒருவரும் வலை மாற்றமாட்டார்கள். அவர் என்னிடம் ஒருநாள் நேரே சொன்னார்.

"தம்பி, நூலைக் காட்டி வலை விக்கேலாது. வலையைக் கொண்டு வாரும், பாப்பம்."

வந்து ஐயாவிடம் சொன்னேன். கடலில் விடத் தயாராக, மேலே தக்கை மிதப்பும் கீழே ஈய மணிகளும் கோத்த ஒரு முழு வலைத்துண்டைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். அதைக் கூரையில் போட முடியாது, மடியில்தான் போக வேண்டும். பருத்தி நூல் வலை என்றால் இதற்கு வண்டில் பிடிக்க வேண்டும். நைலோன் என்றபடியால் பைக்குள் அடங்கிவிட்டது. நானும் ஐயாவும் எழுதுவினைஞரும் மூன்று பேராக நின்று, மூலைக்கு மூலை பிடித்து, சதுரம் சதுரமாக மடித்து வைத்தோம். அழகாக இருந்தது. எடைச் சோதனையிலும் ஐயாவின் குரல் மாறவில்லை.

முள்ளிவாய்க்கால் கடற்கரையில் சம்மாட்டியாரின் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் அதை எடுத்து ஒரு உதறு உதறினேன். விரியவில்லை. மிதப்பு கண்ணுக்குள் புகுந்து, ஈயம் மிதப்பைச் சுற்றி, முழு வலையும் ஒரே உண்டையாக என் காலடியில் விழுந்தது. ஒரு நுனியை இழுத்தேன். இன்னும் இறுகியது.

கரையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். சம்மாட்டியாரின் மனைவி மதலேனா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வாடிக்குள் போய், சிரித்து முடித்துவிட்டு வெளியே வந்தார்.

"ஆரப்பன் உதை மடிச்சது?"

"நாங்கள்தான் அக்கா."

"வேட்டி மடிக்கிற மாதிரியெல்லோ மடிச்சு வைச்சிருக்கிறியள்! நீங்கள் என்ன, நெல்லு விளையிற பக்கத்து ஆக்களோ?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர், மூன்று பேரும் வயல்வீட்டுப் பிள்ளைகள். வலையை மடிப்பதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதை அள்ளித்தான் அடுக்குவார்கள். மிதப்புக் கயிறு ஒரு கையில், ஈயக் கயிறு மறு கையில், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், கடலில் இருந்து எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் போகும்படி அடுக்க வேண்டும். மதலேனா அக்கா மணலில் இருந்து சிக்கெடுத்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் புறப்படும்போது சம்மாட்டியார், "தொழில் துவங்க முன்னம் ஒருக்கா வாரும். அப்ப சரியாக் கொண்டு வாரும்" என்றார்.

வவுனியாவுக்குத் திரும்பியபோது கொழும்பிலிருந்து தகவல் வந்திருந்தது. ஐயா அதை மெதுவாகவே சொன்னார். பங்குனியில் மீன்பிடித் தொழில் தொடங்குவதற்குள் வலைக்கு ஒரு ஓடராவது வராவிட்டால் வன்னிப் பக்க விற்பனைப் பாதையை மூடிவிடுவார்களாம். மூடினால் எனக்கு வேலை இல்லை. அன்றிரவு எருமைகள் கனவில் வந்தன. உண்மையாகவே வந்தன.

அடுத்த நாள் காலை ஐயா கதிரையை நடுவில் போட்டார். மதலேனா அக்கா காட்டியபடி நான் வலையைப் பைக்குள் அள்ளி அடுக்கினேன். மிதப்புகள் வலப்பக்கம், ஈயம் இடப்பக்கம், நடுவில் வலை. பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஐயா வலையின் நுனியைப் பிடித்தார்.

"நான் வள்ளம். போறன்" என்றார்.

சொல்லிவிட்டு நடந்தார். அலுவலக வாசலைத் தாண்டி, படியிறங்கி, தெருவில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளர் மீன்வலையை இழுத்துக்கொண்டு நடந்து போவதைப் பார்க்க ஊர் கூடிவிட்டது. வலை பாதிவரை ஓடி, என் சேட்டுப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. தெருவிலிருந்து ஐயாவின் குரல் வந்தது, வழக்கம்போல உயராமல். "வள்ளம் நிண்டிட்டுது, தம்பி."

மறுமுறை பையின் வளையத்தில் மாட்டியது. அதற்கு அடுத்த முறை கதிரையின் ஆணியில். ஒவ்வொரு சிக்கும் எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தது. சேட்டைக் கழற்றிவிட்டு பெனியனோடு இருந்தேன். சாரத்தைப் பையின் வாயைச் சுற்றி உள்ளும் புறமும் மடித்துவிட்டேன், வளையம், கொக்கி எல்லாம் மூடுண்டன. துடைக்க, படுக்க, போர்க்க என்றிருந்த சாரத்துக்கு இன்னுமொரு வேலை வந்தது. அந்தக் கிழமை முழுவதும் ஐயா வள்ளமாக நடந்தார். கடைசியில் ஒருநாள் வலை முழுவதும் மடியிலிருந்து ஓடி, பை வெறுமையானது. ஐயா தெருமுனையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். தேத்தண்ணிக் கடையில் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை புறப்பட்டேன். ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் முற்றத்தில் சம்மாட்டிமார் எல்லாரும் கூடுவார்கள், திங்கள் தொழில் தொடங்கும். அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது. பையில் வலையும் சாரமும் சவர்க்காரப் பேணியும் மட்டும். இரண்டாவது சேட்டை முதலாவதன் மேல் போட்டிருந்தேன். பல்துலக்கி சேட்டுப் பையில்.

மாங்குளத்தில் பஸ் ஏறினால் தர்மரத்தினம் இருக்கிறார். போட்டிக் கம்பனியின் பிரதிநிதி. என்னைவிட வயதும் அனுபவமும் கூடியவர், பழக இனிமையான மனிதர். அவரும் அதே கூட்டத்துக்குத்தான் போகிறார், அதுவும் நைலோன் வலையோடு. வலை ஒரு மரப்பெட்டியில், உடுப்பு ஒரு தோல் சூட்கேஸில், இரண்டும் கூரையில். என் பையைப் பார்த்து, "உதுக்குள்ள என்ன, நூல் அட்டையோ?" என்றார். "ஓம் அண்ணை, நூல்தான்" என்றேன். பொய்யில்லையே.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் பஸ்ஸின் அடியில் ஏதோ முறிந்தது. சாரதி இறங்கி, கீழே குனிந்து பார்த்து, எழும்பி, சேட்டைக் கழற்றினார். அது எங்களுக்கு விளங்கிவிட்டது. நாளைக்கு முன் இந்த பஸ் அசையாது.

தர்மரத்தினம் கூரையைப் பார்த்தார். அவருடைய பெட்டி அரிசி மூட்டைகளுக்கு அடியில் எங்கேயோ இருந்தது. நான் பையைத் தூக்கித் தோளில் போட்டேன். தண்ணீரூற்றுப் பக்கம் சைக்கிளில் போன ஒருவர், "ஏறும், கரியரில இடமிருக்கு" என்றார்.

"அண்ணை, நீங்களும் வாங்கோவன்" என்று கேட்டேன். மனமார்ந்துதான் கேட்டேன்.

"நான் வரலாம். பெட்டி வருமோ?" என்று சிரித்தார். "நீர் போம். இண்டைக்கு நீர்தான் கெட்டிக்காரன்."

சைக்கிள் கரியரிலும் பை மடியில்தான் இருந்தது. பிறகு ஒரு மாட்டு வண்டில், பிறகு வட்டுவாகல் தாண்டி நடை. பொழுதுபட முன்னர் முள்ளிவாய்க்காலில் நின்றேன்.

மறுநாள் பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. சம்மாட்டியார் என்னைக் கண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "வலை கொண்டு வந்தனீரோ? எங்கை வண்டில்?"

"மடியில இருக்கு" என்று பையைத் தட்டிக் காட்டினேன்.

எல்லாரும் போனமுறைச் சிரிப்பைத் தொடங்கினார்கள். நுனியை ஒருவரிடம் கொடுத்து நடக்கச் சொன்னேன். வலை வந்துகொண்டே இருந்தது. முற்றத்தைத் தாண்டியது, வேலிவரை போனது. சிரிப்பு நின்றது. மதலேனா அக்கா ஒரு முடிச்சைப் பல்லால் கடித்துப் பார்த்தார், நுனியைத் தூக்கி எடை பார்த்தார், பிறகு பையை உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே சவர்க்காரப் பேணி மட்டும் கிடந்தது.

"சம்மாட்டியார், எங்கட வலையைக் காயப்போட அரைவாசிக் கரை வேணும். இது ஒரு பைக்குள்ள கிடக்கு" என்றார் தன் கணவரிடம்.

சம்மாட்டியார் அவ்வளவு சுலபமாக மசிகிறவரில்லை. "தரையில ஓடும். கடலில ஓடுமோ? நாளைக்கு விடியக் கடலுக்கு வாரும். அந்தப் பையிலிருந்தே விடும்."

மற்றச் சம்மாட்டிமாரும் நாளைவரை பொறுப்பதாகச் சொல்லிக் கலைந்தார்கள். திங்கள் விடிய வள்ளத்தில் ஏறினேன். அதுவரை நான் கடலில் கால் நனைத்ததோடு சரி. இரண்டு தொழிலாளிகளுக்கு நடுவில் நெருங்கி இருந்தேன். பை மடியில், சாரம் அதன் வாயைச் சுற்றி, உடம்பில் பெனியன். வள்ளம் ஆடியது. ஒரு தொழிலாளி நுனியில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார். சம்மாட்டியார் தண்டு வலிக்கச் சொன்னார்.

வலை ஓடத் தொடங்கியது. மிதப்பு வலக்கையால், ஈயம் இடக்கையால், முழங்கை இருபக்கமும் ஒருவரிலும் படாமல். பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் கோழி வைத்திருக்கும் மனிசி என்று நினைத்துக்கொண்டேன். இடையில் இரண்டு தரம் தலையைத் திருப்பிக் கடலுக்குள் வாந்தியெடுத்தேன். கை மட்டும் நிற்கவில்லை. கடைசி மிதப்பு என் விரலை விட்டுப் போனபோது ஒரு சிக்கும் இல்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன்.

வெயில் ஏற வலையை இழுத்தார்கள். அறக்குளாவும் பாரையும் வெள்ளி வெள்ளியாக வந்து விழுந்தன. பக்கத்தில் நூல் வலை விட்ட வள்ளம் ஒன்று எங்களைப் பார்க்க வந்துவிட்டது. சம்மாட்டியார் மீனைப் பார்க்கவில்லை, வலையைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள இது இருக்கிறது மீனுக்குத் தெரியேல்லைத் தம்பி" என்றார். அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கரைக்கு வரும்போது தர்மரத்தினம் பெட்டிகளோடு ஒரு வண்டிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். என் கோலத்தையும் வள்ளத்து மீனையும் பார்த்தார். பிறகு தோல் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, வள்ளத்தைக் கரையேற்ற எங்களோடு தோள் கொடுத்தார். அடுத்த முறை அவரை மாங்குளத்தில் கண்டபோது அவர் மடியில் ஒரு சின்னப் பை இருந்தது.

சம்மாட்டியார் வலை கேட்டார். அவர் கேட்டதும் மற்றவர்களும் கேட்டார்கள். நாயாற்றிலிருந்து வந்திருந்த உறவுக்காரரும் கேட்டார். நான் சந்தோசத்தோடு என்னுடைய மாதிரி வலையை அள்ளப் போனேன். மதலேனா அக்கா குறுக்கே நின்றார்.

"உதை எங்கை கொண்டு போறீர்?"

"கம்பனிச் சாமான் அக்கா. திருப்பிக் குடுக்கோணும்."

"முதல் நாளே மீனோட வந்த வலையை நாங்கள் வீட்டை விட்டு அனுப்புறேல்லை. பையை இஞ்ச தாரும்."

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அது நிறைந்து, வாய் கட்டியிருந்தது.

வவுனியா வந்து சேர்ந்தேன். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அது மட்டும் எனக்குப் புதுமையாக இருந்தது. அலுவலகத்தில் ஐயா கதிரையை விட்டு எழும்பி வந்தார். ஓடர்களைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பையை ஒரு கையால் தூக்கினார்.

"கொழும்புக்கு இண்டைக்கே அறிவிக்கிறன். வன்னிப் பாதை மூடுறேல்லை. உம்மட வேலையும் நிரந்தரம் எண்டு உங்கட அப்பாவுக்கு எழுதும், எருமையை விக்கச் சொல்லும்..."

குரல் மாறவில்லை. பாரம் சரி. ஆனால் முகம் மாறியது. பையைத் தன் மடியில் வைத்து, வாயைத் திறந்தார். உள்ளே சாரத்தில் சுற்றி, விளிம்புவரை அறக்குளாக் கருவாடு.

ஐயா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பையின் வாயை மூடினார். எனக்குத் தெரிய அவர் தன் சட்டத்தை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

"தம்பி," என்றார், "இதொண்டை மட்டும் நீர் கூரையில போட்டிருக்கலாம்."